செல்லம்மா அத்தையின் முள்ளங்கிச் சரம்

செய்தி வந்தபோது தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்று, டீமேக்கர் ஐயா நடப்பதைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து கங்காணி குரல் கொடுத்தார். "சரசு, ஒங்க பக்கத்து வீட்டுச் செல்லம்மா போயிருச்சு." "எங்க, ராகலை டவுனுக்கா? பஸ் கெடைச்சிருச்சா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்று நாளாக அத்தை நெஞ்சுச் சளியோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தது அதற்குப் பிறகுதான் என் மண்டையில் உறைத்தது.

அத்தையை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து நாமெல்லாம் பாய் விரிப்போம். அத்தையோ அந்த இடத்தைக் காய்கறிக்குக் கொடுத்துவிட்டு ஈரத்தில் படுக்கும். மணல் பெட்டிக்குள் கேரட். சாடியில் உப்புப் போட்ட எலுமிச்சை. வெந்நீரில் முக்கியெடுத்த போஞ்சிக்காயும், வட்டம் வட்டமாக அரிந்த முள்ளங்கியும் சணலில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கும். "அத்தே, ஒங்க வீட்டுல சாமிக்கு மாலை இல்ல, அடுப்புக்குத்தான் மாலை" என்பேன். "சாமி ஆனி மாசம் கொழம்பு வச்சுக் குடுக்குமாடி?" என்று திருப்பிக் கேட்கும்.

மழை பிடித்துவிட்டால் லயத்தில் வரிசையாக இருக்கும் எல்லா வீட்டிலும் ரொட்டியும் சம்பலும்தான். அத்தை வீட்டில் மட்டும் வற்றல் குழம்பு கொதிக்கும். வாசனை பிடித்துக்கொண்டு நான் போய் நிற்பேன். "மூக்கு வந்திருச்சு, பின்னாலயே ஆளும் வருது" என்று சொல்லிக்கொண்டே தட்டை எடுக்கும். கொழுந்து பறிக்கிற இடத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், "இன்னைக்கு வெயிலக் கட்டி வச்சாத்தான் ஆடியில அவுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கொழுந்தை எடை போட்டதும் வீட்டுக்கு ஓடும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வெயிலே வரவில்லை. பன்னிரண்டு நாள் அடைமழை. விறகும் நனைந்து, அடுப்பு வெறுமனே புகைந்தது. முள்ளங்கியில் பூசணம் பிடிக்கத் தொடங்கியது. "எங்க மாடியில ஒரு நாள் போட்டா கொழுந்தே வாடிருது. முள்ளங்கி என்ன பெரிய தொரை வீட்டுப் பொண்ணா?" என்றேன். அத்தை பதறிவிட்டது. "அந்த நெனப்பே வேணாம். கொழுந்துக்கு மூக்கு இருக்குடி. பக்கத்துல எது இருந்தாலும் மோந்து எடுத்துக்கும்."

நான் கேட்கவில்லை. அத்தை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன நேரம் பார்த்து மூன்று சரங்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். கொழுந்து பரப்பிய தட்டுகளுக்குப் பின்னால், சூடான காற்று வரும் மூலையில் தொங்கவிட்டேன். மறுநாள் சுருளச் சுருளக் காயவைத்து அத்தை முன்னால் நீட்டி, அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

மறுநாள் தேயிலையை ருசி பார்த்த டீமேக்கர் ஐயா துப்பினாராம். தோட்டத்துத் தொரையும் துப்பினாராம். நான் எடுக்கப் போவதற்குள் சரங்கள் பிடிபட்டுவிட்டன. அதற்கடுத்த காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், தொரைக்குக் கீழே மலையை மேய்க்கும் கண்டாக்கு ஐயா சரங்களைத் தூக்கிப் பிடித்தார். "தேத்தண்ணியில முள்ளங்கி மணக்குது! யாரோட மாலை இது? பத்துச்சீட்டு எழுதச் சொல்லிட்டாரு தொரை."

பத்துச்சீட்டு என்றால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். தோட்டம் முழுவதற்கும் தெரிந்த சரம் அது. அத்தை முன்னால் வந்து அவற்றை வாங்கி நெஞ்சோடு பொத்திக்கொண்டது. "முள்ளங்கி என்னோடதுதாங்க."

"நான்தாங்க கொண்டுபோய்த் தொங்கவிட்டேன்!" என்று நான் கத்தினேன்.

பெரட்டே சிரித்தது. காரணம் இருந்தது. முந்தின வாரம்தான், 'இந்த மழைக்கு நான்தான் காரணம், மன்னிச்சிருங்க' என்று அதே இடத்தில் கைகட்டி நின்றிருந்தேன். "போதும் சரசு, நிரையில போய் நில்லு" என்றார் கண்டாக்கு. அவருக்கும் சிரிப்பு.

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பத்துச்சீட்டுக்குப் பயந்து நிரையில் போய் நின்றுகொண்டேன். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை.

பெரியவர்கள் தொரை பங்களா வாசலில் போய் நின்று மன்றாடியதால் அத்தையின் சீட்டுக் கிழியவில்லை. ஆனால் நான்கு மாதம் மேல்மலைக்குப் பறிக்கப் போட்டார்கள். அந்தக் குளிருக்கு நாமே பயப்படுவோம். முதல் நாள் சாயங்காலம், நனைந்து வந்த அத்தையிடம், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே அத்தே" என்றேன். "நீதான் சொன்னியேடி. அவங்க கேக்கல, நான் கேட்டேன்" என்று தட்டை எடுத்தது. அப்புறம் அந்தப் பேச்சை அத்தை எடுக்கவே இல்லை. எடுக்கட்டும் என்று நானும் காத்திருந்தேன்.

போன வாரம் அத்தை வீட்டை ஒதுக்கினோம். மணல் பெட்டிக்குப் பின்னால் ஒரு சரம் மட்டும் தனியாக, துணியில் சுற்றி இருந்தது. மோந்து பார்த்தேன். அத்தை வீட்டு வற்றலில் புகைதான் மணக்கும். இதில் வாடிய கொழுந்து மணந்தது. நுனியில் என் நீல ரிப்பன். மாடியில் ஆணியில் கட்டச் சணல் போதாமல் என் சடையிலிருந்து அவிழ்த்துக் கட்டியது. எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பெரட்டில் அத்தை பொத்திப் பிடித்தது முள்ளங்கியை அல்ல.

அந்தச் சரம் இப்போது எங்கள் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. மழை பிடித்துவிட்டது, வீட்டில் ஒரு காயும் இல்லை. அம்மா தினமும் அதை நிமிர்ந்து பார்க்கிறாள். நான் தொட விடவில்லை. ரிப்பனையும் அவிழ்க்கவில்லை. வாசனை வந்தால் போய் நிற்க ஒரு வாசல் இல்லாமல் இருக்கிறேன்.

முள்ளங்கியைத் தொங்கவிட்டது நான்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்காதீர்கள்.