ஒரே மேட்ச்சில் நான்கு முறை தோற்ற கப்டன்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் வேறு என்னென்னவோ எழுதிச் சமாளித்துவிட்டேன். மழை, மெத்ரோ ஸ்ட்ரைக், கத்தரிக்காய்... "என்ன அக்கா, கொஞ்ச நாளாகப் பத்தியில் உப்பே இல்லையே?" என்று ஒரு வாசகி மெசேஜ் போட்டிருந்தார்.

உண்மைதான். எழுத வேண்டியது ஒன்று இருந்தது. எழுதக் கை வரவில்லை.

காரணம் ஒரு சத்தம். ஒரு மனிதனின் தலை இன்னொரு மனிதனின் முழங்காலில் மோதுகிற சத்தம். நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்காமலே இருங்கள்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

பாரிஸில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில், லா ஷப்பல் பக்கமாக, யோகன் அண்ணையின் மரக்கறிக் கடை. வாராவாரம் போகிற கடை. அன்று நான் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து அண்ணை கையைக் காட்டிக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, சனிக்கிழமை பின்னேரம் ஃப்ரீயோ?"

"ஏன் அண்ணை?"

"மகள் வாறாள். ரண்டு டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். மனுசி கனடாவில, மகனிட்டை. தனியப் போக எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

மகள் நிரோஜா. இத்தாலியில் டொக்டர். லா ஷப்பலில் இது தெரியாத ஆள் கிடையாது. ஏனென்றால் பச்சை மிளகாய் நிறுக்கும்போதுகூட அண்ணை அதைச் சொல்லாமல் விடமாட்டார். நானும் பெரிய ஆஸ்பத்திரி, வெள்ளை கோட், நீண்ட தாழ்வாரம் என்று மனதுக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன்.

"என்ன டிக்கெட்? கச்சேரியா?"

அண்ணை கடை வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ரக்பி."

வட இத்தாலியில் புதிதாகத் தொடங்கிய ஒரு ரக்பி அணி. முழுநேரத் தொழில்முறை அணியாக இதுதான் முதல் வருடம். நிரோஜா அந்த அணியின் டொக்டர். அதைவிடப் பெரிய அதிர்ச்சி — அந்த அணி இதுவரை ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. ஒன்றுகூட!

"அண்ணை, ஆஸ்பத்திரி எண்டெல்லோ சொன்னியள்?"

"ஆஸ்பத்திரி எண்டு நான் எங்கை சொன்னனான்? இத்தாலியில டொக்டர் எண்டுதான் சொன்னனான்" என்றார் அண்ணை. சட்டத்தரணி தோற்றுவிடுவார்.

அவருக்கு மனக்குறைதான். ராப்பகலாகப் படித்த பிள்ளை, அரைக் களிசான் போட்ட ஆம்பிளைகளுக்குப் பின்னால் தண்ணிப் போத்தலோடு ஓடுகிறாளே என்று. அதனால் ஒரு வருடமாக அவளோடு சரியாகப் பேசுவதும் இல்லை. போனில் "சாப்பிட்டியோ" என்பார், வைத்துவிடுவார்.

சனிக்கிழமை போனோம். மெத்ரோ மாறி மாறி, நகரத்தின் மறுகோடிக்கு. எதிரணி பாரிஸின் பெரிய கிளப். எங்களைச் சுற்றி அவர்களுடைய கொடிகள்தான். இத்தாலிக்காரர்கள் ஒரு மூலையில் கொஞ்சப்பேர் — ஏதோ செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போல.

வாசலில் நிரோஜா வந்து பார்த்தாள். ஐந்தடி இருப்பாள். கழுத்தில் அட்டை, முதுகில் தன்னைவிடப் பெரிய பை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா அவளுடைய சப்பாத்தைப் பார்த்தார்.

"இண்டைக்கு வெண்டா அடுத்த வருஷமும் டீம் இருக்குமாம், அன்ரி. தோத்தா..." தோளைக் குலுக்கினாள். அந்தக் குலுக்கல் மட்டும் முழுப் பிரெஞ்சு. "எல்லாருக்கும் கொந்த்ரா, வேலை ஒப்பந்தம், முடியிது. எனக்கும்."

எங்களுக்குக் கிடைத்தது மைதானத்தை ஒட்டிய வரிசை. ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனிதர்களா இவர்கள்? குளிர்சாதனப் பெட்டிக்குக் கால் முளைத்தது போல ஒவ்வொருவரும்! ஓடி வந்து மோதுகிறார்கள். விழுகிறார்கள். எழும்பி மறுபடி மோதுகிறார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? முன்னால் போக வேண்டும், ஆனால் பந்தைப் பின்னால் நிற்பவனிடம்தான் எறியலாம். எங்கள் சங்கங்களில் நடப்பதும் இதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்க்ரம் என்று இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலையைக் குனிந்து முட்டித் தள்ளியபோது அண்ணை முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"பிரிஃபெக்சூர் வாசல் தங்கச்சி. அப்பிடியே அந்தக் காலத்தில விசாவுக்கு நிண்ட கியூ."

அதன்பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். தோற்பதற்கென்றே வந்த அணி தோற்க மறுத்தது. அவர்களுடைய கப்டன் பத்தாம் நம்பர், மத்தேயோ. ஒல்லி. அங்கே ஒல்லி என்றால் எங்கள் ஊர் வாசற்கதவு அளவு. எங்கே இருந்து பந்தை உதைத்தாலும் அது இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போய் விழுந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம். பதினாறுக்குப் பதினாலு. இத்தாலி முன்னால்!

செத்த வீட்டு மூலை கல்யாண வீடாகிவிட்டது. பக்கத்தில் பார்த்தால் யோகன் அண்ணை எழும்பி நிற்கிறார். அரைக் களிசான் பிடிக்காத அதே யோகன் அண்ணை! "விடாதை! அமத்து! அமத்தடா!" என்கிறார் சுத்தத் தமிழில்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

மத்தேயோ எதிராளி ஒருவனை மறிக்கப் பாய்ந்தான். தலை போய் அவன் முழங்காலில்... எங்களுக்கு முன்னால், ஒரு பத்து மீற்றரில். விழுந்தவன் அசையவில்லை. நாலைந்து வினாடி. பிறகு எழும்பினான். கை தட்டினார்கள். அவன் நடந்தான். நடந்து போய் வரிசையில் நின்றான்.

எதிரணியின் வரிசையில்.

ஸ்டேடியமே சிரித்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது... நானும் சிரித்தேன்.

சிரிக்காத ஒரு ஆள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள். நிரோஜா அவன் முன்னால் போய் நின்று, அண்ணாந்து, ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான். இன்னொன்று கேட்டாள். அவன் கையை உதறினான். எனக்கு இத்தாலியன் தெரியாது. ஆனால் "நான் ஓகே" என்பது எந்தப் பாஷையிலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. கோச் கோட்டோரம் வந்து நின்று கத்தினார். கத்தலின் பொருளும் புரிந்தது: விடு அவனை!

தலையில் அடிபட்டால் டொக்டர் சொன்னதுதான் முடிவு, கோச்சுக்கும் அதில் பேச்சில்லை என்று ரக்பியில் சட்டமே இருக்கிறதாம். பிறகுதான் தெரிந்துகொண்டேன். சட்டம் இருக்கட்டும். இருபதாயிரம் பேர் விசிலடிக்கும்போது, சம்பளம் தருகிற ஆள் கோட்டோரம் நின்று கத்தும்போது, அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க ஒருத்தி வேண்டுமே?

நிரோஜா நடுவரைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்காகப் பிடித்தாள். முடிந்தது. கப்டன் வெளியே.

"இவளுக்கென்ன விசரோ!" என்று கத்தினார் அண்ணை. "வெல்லப் போறாங்கள்! ஏன் அவனை எடுக்கிறாள்?"

நான் என்ன நினைத்தேன்? மறைக்காமல் சொல்கிறேன். நானும் அதையேதான் நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த அணியில் ஒருவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில், கால் தடுமாறுகிற ஒருவனை "நில், விளையாடு" என்று மனதுக்குள் தள்ளுகிற ஆளாகிவிட்டேன். இவ்வளவு சுலபமா அது?

பாரிஸ்காரர்கள் ஒரு பெனால்ட்டியில் மூன்று புள்ளி எடுத்தார்கள். பதினேழுக்குப் பதினாறு. கடைசி நிமிடத்தில் இத்தாலிக்கும் ஒரு பெனால்ட்டி கிடைத்தது. நேர் எதிரே. மத்தேயோ கண்ணைக் கட்டிக்கொண்டு உதைக்கக்கூடிய இடம். மாற்றாக வந்தவர் உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டு, மைதானத்துக்குள்ளேயே வந்து விழுந்தது.

விசில். தோல்வி.

உள்ளே போக நிரோஜா எங்களுக்கு அனுமதி எடுத்துத் தந்தாள். உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு தாழ்வாரம். கோச் அந்த வழியால் வந்தார். நின்றார். நிரோஜாவைப் பார்த்து இத்தாலியனில் ஒரு வசனம் சொன்னார். சத்தமாக இல்லை. ஆனால் அவள் முகம் வெளிறிப்போனது.

யோகன் அண்ணை முன்னால் போனார். இத்தாலியனில் பேசத் தொடங்கினார்!

நான் திகைத்துப்போனேன். பாரிஸுக்கு வரமுன் அண்ணை ஆறு வருடம் இத்தாலியின் பலெர்மோவில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். எனக்கே மறந்துபோய்விட்டது. தட்டுத் தடுமாறி, கையை ஆட்டி ஆட்டி, விடாமல் பேசினார். கோச்சுக்குக் கண் சிவந்திருந்தது. கெட்ட மனிதர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிற மனிதர். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

"என்ன அண்ணை சொன்னார் அவர்?"

"நீ இண்டைக்கு எங்களைச் சாகடிச்சுப்போட்டாய் எண்டு பிள்ளையைப் பாத்துச் சொன்னவர்."

"நீங்கள்?"

"அந்தப் பொடியனுக்குத் தாய் இருக்கிறாவோ எண்டு கேட்டன். இருந்தா அவவுக்கு போன் எடுத்துச் சொல்லும் எண்டன். உன்ரை மகன் எந்தப் பக்கம் நிக்கிறது எண்டு தெரியாம நிண்டவன், நான் அவனைத் திரும்ப விளையாட விட்டிருப்பன் எண்டு."

அரை மணி நேரத்துக்கு முன்னால் "விசரோ" என்று கத்திய வாய். எனக்கும் அதே வாய்தானே?

தாழ்வாரத்தின் முடிவில் ஒரு கதிரையில் மத்தேயோ இருந்தான், கழுத்தில் பட்டையோடு. அம்புலன்ஸுக்குக் காத்திருந்தார்கள். நிரோஜா அவன் முன்னால் முழந்தாளிட்டு, கண்ணுக்கு லைட் அடித்துப் பார்த்தாள்.

"டொக்டர், வென்றோமா?" என்று கேட்டான். அண்ணை எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தார்.

"இல்லை, மத்தேயோ. ஒரு புள்ளியில் தோற்றுவிட்டோம்."

முகம் அப்படியே உடைந்தது. அந்தப் பெரிய கையால் கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். கையை எடுத்தான். முகத்தில் ஒரு ஆவல்.

"டொக்டர், வென்றோமா?"

நிரோஜா நிதானமாக, முதல் தடவை சொல்வது போலவே சொன்னாள். அவனும் முதல் தடவை கேட்பது போலவே உடைந்தான். பிறகு மூன்றாவது தடவை. பிறகு நான்காவது. எங்கள் எல்லோருக்கும் அது ஒரு தோல்வி. அவனுக்கு ஒவ்வொன்றும் புதுத் தோல்வி.

ஐந்தாவது தடவை அவள் வாயைத் திறக்குமுன் யோகன் அண்ணை குறுக்கே விழுந்து, இத்தாலியனில், பலமாகச் சொன்னார்:

"வென்றுவிட்டோம்!"

அவன் சிரித்தான். இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது... அப்படி ஒரு சிரிப்பு.

"அப்பா, அரெத்! நிப்பாட்டுங்கோ!" என்று சீறினாள் நிரோஜா. "நோயாளிக்குப் பொய் சொல்லக் கூடாது!"

"நான் டொக்டர் இல்லைத்தானே" என்றார் அண்ணை. குரல் உடைந்திருந்தது.

அம்புலன்ஸ் வந்தது. அவளும் ஏறிப் போனாள். நாங்கள் மெத்ரோ பிடித்தோம். ஸ்டாலின்கிராட் ஸ்டேஷன் வந்தது. அண்ணை பின்தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நான் ஒருக்கா ரெஸ்டோரன்ட் கிச்சினில வழுக்கி விழுந்தனான், தங்கச்சி. தலை சுத்திச் சுத்தி வந்தது. வேலை முடியும் வரைக்கும் கோப்பை கழுவினனான். வீட்டை போ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

நாங்கள் எல்லோரும் அந்த இனம்தான். காய்ச்சலா? நான் ஓகே. கை வெந்துவிட்டதா? நான் ஓகே. நெஞ்சு வலியா? லீவு நாள் வரட்டும்! எங்கள் கையைப் பிடித்து வெளியே இழுக்க ஒருவரும் இருந்ததில்லை. இழுத்தாலும் திட்டியிருப்போம்.

மறுநாள் நிரோஜா போன் பண்ணினாள். ஸ்கானில் மூளைக்கு மேலே சின்னதாக ஓர் இரத்தக் கசிவு. நல்ல நேரம், சின்னது. "இன்னுமொரு அடி விழுந்திருந்தா..." என்று தொடங்கி, அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. மத்தேயோ சில நாள் கழித்து நடந்தே வெளியே வந்தான். இனி விளையாடுவானா என்பது தெரியாது.

அந்த அணி அடுத்த இரண்டு மேட்ச்சிலும் தோற்றது. போன வாரம் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். ஒரு வருட வாழ்வு. ஒரு வெற்றிகூட இல்லை. நிரோஜா இப்போது அப்பாவின் வீட்டில் இருந்து வேலை தேடுகிறாள். அப்பாவும் மகளும் இரவுச் சாப்பாட்டில் ஸ்க்ரம் பற்றிச் சண்டை பிடிக்கிறார்களாம். சண்டை பிடிக்கிற அளவுக்காவது பேசுகிறார்கள்.

நேற்றுக் கடைக்குப் போனேன். ஒருவர் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டே, "மகள் ஒரு ரக்பி டீமிலை நிண்டவவாம், மெய்யோ? ஒரு மட்ச்சும் வெல்லாத டீமாமே?" என்று கேட்டார். குரலில் ஒரு சின்னச் சிரிப்பு.

யோகன் அண்ணை தராசில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஓம். ஒண்டும் வெல்லேல்லை. ஆனா எல்லாப் பொடியளும் உயிரோட வீட்டை போனவங்கள்."

இதற்கு எத்தனை புள்ளி என்று ரக்பிச் சட்டத்தில் யாரும் இன்னும் எழுதவில்லை.