கையெழுத்துப் போடாத ஆறு மாதம்

என் வீட்டுக்காரர் எலூத்தேரியோவை ஃப்ரெஸ்னோவில் எங்கள் மாதாகோயிலுக்கு வருகிற யாருக்கும் தெரியும். வாரம் முழுக்கப் பாதாம் லாரி ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், வரிசை வரிசையாகக் காணிக்கைக் கூடையை நீட்டுவார். நாணயமான மனுஷன். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எங்கள் மகள் நயேலிக்குப் பதினாலு வயது. மார்ச்சில், துணிக்கடையில் ஒரு குளிர்கோட்டைத் திருடியதாகவும், தடுத்த காவலாளியைத் தள்ளியதாகவும் போலீஸ் எழுதிவிட்டது. சிறார் கண்காணிப்பு அலுவலகத்தில் அதிகாரி ஷியோங் அம்மாள் ஒரு தாளை நீட்டினாள்.

"மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க சார். ஆறு மாசம் ஒழுங்கா ஸ்கூலுக்குப் போகட்டும், வாரா வாரம் என்னை வந்து பாக்கட்டும். கேஸ் கோர்ட்டுக்கே போகாது."

"கூடை புடிக்கிறவன் வீட்டுல திருடியா? கையெழுத்துப் போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. எம்பொண்ணு நிரபராதின்னு ஜட்ஜே சொல்லட்டும்!"

"போட்டுடலாம்ப்பா," என்றாள் நயேலி.

"நீ சும்மா இரு."

நானும் சும்மா இருந்தேன். பிடிபட்ட அன்றே அவள் சமையலறையில் என்னைக் கட்டிக்கொண்டு, எடுத்தது தான்தான் என்று அழுதிருந்தாள். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயிலில் கூடைக்காரர் மனைவியாக முன்வரிசையில் உட்காரும் சுகம் எனக்கும் இருந்ததே! வெட்கங்கெட்டவள் நான்.

ஜூனில் கோர்ட். நீதிபதி கேட்டதும், "ஆமா, எடுத்தேன். அவரைத் தள்ளினதும் நான்தான்," என்றாள் நயேலி. ஒரு வருடம் கோர்ட்டின் கண்காணிப்பு என்று தீர்ப்பானது. எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து அவள் அலமாரியைக் குடையலாம்.

"அந்த ஆறு மாசத் தாளுல இப்பப் போட்டுடறேம்மா," என்று வெளியே வந்து கெஞ்சினார் அவர்.

"அது கோர்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி சார்," என்றாள் ஷியோங் அம்மாள்.

அவர் மகளிடம் திரும்பினார். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியேப்பா."

பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க."

நயேலி என்னை ஒரு கணம் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா," என்றாள்.

அரைமணி நேரத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லித் தண்டனை வாங்கிய பிள்ளை அது.