டிஸ்டல் என்றால் எந்தப் பக்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் நான் ஸ்டெனோ. ஜனக்புரியிலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்வேன். வார்டைச் சுற்றிவிட்டு வரும் பெரிய டாக்டர், அடுத்த நாள் ஆபரேஷன்களை எனக்கு டிக்டேட் செய்வார். யாருக்கு எங்கே வெட்டு விழப்போகிறது என்பது நோயாளிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். பிடிக்காத சலுகை அது.

அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் ‘டிஸ்டல்’. விலகி நிற்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். உடம்பின் நடுவிலிருந்து தள்ளி இருப்பது டிஸ்டல், கிட்டே இருப்பது பிராக்ஸிமல். ஆஸ்பத்திரியை உடம்பின் நடுவாக வைத்து, அங்கிருந்து ஜனக்புரி வருகிற பஸ்ஸை நினைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு ஸ்டாப்பும் முந்தின ஸ்டாப்புக்கு டிஸ்டல். மணிக்கட்டு முழங்கைக்கு டிஸ்டல், விரலுக்கு பிராக்ஸிமல். கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் விரல்தான் டிஸ்டல். மேலே, கீழே என்று சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும் என்று முதலில் எரிச்சலாக வந்தது. படுத்துக் கிடப்பவருக்கு மேலேது, கீழேது என்று போகப் போகத்தான் புரிந்தது.

சேலம் பக்கத்திலிருந்து வந்த கட்டட வேலைக்காரர் ஒருவரைச் சேர்த்தார்கள். கல் பலகை விழுந்து நசுங்கிய பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. நான் தமிழ் பேசுவது காதில் விழுந்ததும் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, முட்டி இருக்குமா? முட்டி மட்டும் இருந்தா கட்டைக்கால மாட்டிக்கிட்டு நடந்துருவாரு. கேட்டுல உக்காந்து ஒரு சௌக்கிதார் வேலையாச்சும் பாப்பாரு.”

பார்க்கும்போதெல்லாம் இதே கேள்விதான். காய்ச்சல் இறங்காமல் ஆபரேஷன் தள்ளிப் போயிற்று; அதற்குள் அழுகல் ஏறியது. முதலில் பாதம் என்ற டாக்டர், பிறகு கணுக்கால் என்றார், பிறகு கெண்டைக்காலின் நடு என்றார். எனக்கு அந்த அழுகல்மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டைப் அடிக்கும்போது மெஷினை ஓங்கி ஓங்கி அடித்தேன்.

கடைசியில் ஒரு காலையில் டாக்டர், “வெட்டும் இடம்” என்று ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டிஸ்டல்” என்றார். முழங்காலுக்கு டிஸ்டல்.

அதற்கு மேல் என்ன சொன்னாரோ தெரியாது. நோட்டும் கையுமாக எழுந்து வெளியே ஓடினேன். “அரே, கிதர்?” எங்கே ஓடுகிறேன் என்று அவர் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். “முட்டி இருக்கும்மா. அதுக்குக் கீழதான் எடுப்பாங்க” என்றேன்.

எவ்வளவு கீழே என்று அவள் கேட்கவில்லை. நேராக வார்டுக்குள் போனாள். காய்ச்சலில் அரைத்தூக்கமாகக் கிடந்த புருஷனின் முட்டியைப் போர்வையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“யோவ், கேட்டியா? முட்டி நம்மளுதுதான்.”