சுயாக்கில் நான் வைத்த தமிழ்ப் பரீட்சை

காலை ஏழு மணிக்கு வக்குவா சந்தையடியிலிருந்து எங்கள் கால்பந்துக் குழுவின் பஸ் கிளம்பியது. தெற்குக் கடற்கரையிலுள்ள சுயாக் ஏறக்குறைய இருபது மைல். அங்கே தமிழ்ப் புத்தாண்டுப் போட்டி. தமிழ்க் குழுக்கள் மட்டுமே ஆடலாம். மொரீஷியஸ் விடுதலை பெறச் சில ஆண்டுகள் இருந்தன. இனத்துக்கொரு குழு என்பதே அப்போது எங்கள் தீவின் வழக்கம். நான் பந்தைத் தொட்டவனல்ல. பள்ளியில் தமிழ் வாத்தியார், குழுவுக்குச் செயலாளர்.

கியூர்ப்பிப் வரை மழை. அப்புறம் இருபுறமும் கரும்பு, நல்ல வெயில். பையன்கள் பாதி வழி எங்கள் தீவின் ஆட்டப்பாட்டான செகா பாடினார்கள், மீதி வழி முருகன் பாட்டு. தாளம் மட்டும் மாறவேயில்லை.

ஒன்பது மணிக்கு மைதானத்தில் இறங்கினோம். போட்டியை நடத்திய மூத்து என்பவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், எங்கள் கோல்கீப்பர் ஜோசப்பின் கழுத்துச் சிலுவையைக் கண்டதும் நின்றார்.

"லி கத்தோலிக். லி பா தமுல்."

அவன் கத்தோலிக்கன், தமிழன் இல்லை என்று எங்கள் தீவின் கிரியோல் பேச்சில் சொல்கிறார். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகப் படும். எங்கள் ஊரில் 'தமுல்' என்பது மொழியின் பெயர் மட்டுமல்ல, மதத்தின் பெயரும்தான்.

பீனிக்ஸிலிருந்து விடியற்காலையில் வக்குவாவுக்குச் சைக்கிள் மிதித்து வந்து பஸ் ஏறிய ஜோசப்பின் முகம் சுருங்கிவிட்டது. "மோ பாப்பா வீரப்பேன், மோ கிரான்பேர் வீரப்பேன்" என்றான். அப்பாவும் வீரப்பேன், தாத்தாவும் வீரப்பேன், வேறென்ன சொல்வான்? வீரப்பன்தான் எங்கள் தீவில் வீரப்பேன்.

மூத்து என் பக்கம் திரும்பி, வாத்தியார்தானே, நீங்களே இவன் தமிழைச் சோதியுங்கள் என்றார். நானும் மெத்தப் படித்தவன் தோரணையில், "தங்கள் தந்தையார் யாது தொழில் புரிகிறார்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

ஜோசப் விழித்தான். கேப்டன் சிவேன் என் காதருகே, "மிஸ்யே, கி ஸா?" என்றான். என்ன அது என்று அவனுக்கும் தெரியவில்லை. மற்ற ஒன்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள். மூத்துவோ எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது, முக்கியமாக என்மீதே. "சரி, நீங்கள் பதில் சொல்லுங்கள்" என்று கிரியோலில் மூத்துவிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஜோசெஃப் பா ஸ்வே, பெர்சோன் பா ஸ்வே." ஜோசப் ஆடாவிட்டால் யாரும் ஆடப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, சிவேன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். மற்றவர்களும் குனிந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மூத்து ஜோசப்பின் பெயரை எழுதிக்கொண்டார்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கடைசி நிமிடத்துப் பெனால்ட்டியை ஜோசப் பாய்ந்து பிடித்தபோது சுயாக் ஜனங்களும் சேர்ந்து "அரோகரா" போட்டார்கள்.

பகல் ஒரு மணிக்கு வாழையிலையில் சோறும் ஏழு கறியும். மூத்துவே பரிமாறினார். மூன்றாம் முறையாகப் பலாக்காய்க் கறி வந்தபோது ஜோசப் கையை இலைமேல் வைத்து மறித்தான்.

"ஆஸே, அண்ணே, ஆஸே!"

போதும் என்பது கிரியோல். நடுவில் இருந்த சொல்லை அவனுக்கு எந்த வாத்தியாரும் கற்பிக்கவில்லை. மூத்துவின் கரண்டி அப்படியே நின்றது.

"மாஞ்ஜே, தம்பி, சாப்பிடு" என்று அவன் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போட்டார். இவர்கள் என் ஊர்க்காரர்கள் என்று உங்களிடம் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.