காரின் அடியில் என் கட்டில்

எங்கள் வீட்டில் ஒரு சிவப்புக் கார் நின்றது. இரண்டு கதவு, மடித்துவிடுகிற துணிக்கூரை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போனபோது விற்றதை என் மனுசன் வாங்கி வந்தார். இணுவிலில் எங்கள் அயலில் யாருக்குக் கலியாணம் என்றாலும், கூரையை மடித்து, பூமாலை சுற்றி, மாப்பிள்ளை பொம்பிளையைப் பின்னால் உயர இருத்தி ஊர்வலம் விடுவது அந்தக் காரில்தான். அதில் எனக்கும் பெருமை இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தப் பெருமை என் தங்கையின் மகளுடைய கலியாணத்தன்று போனது. மாப்பிள்ளை வீடு சண்டிலிப்பாய். பின்னால் மாப்பிள்ளை, பொம்பிளை, தோழன். முன்னால் கார் ஓட்டுகிற என் மனுசனும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். மேளம் முன்னே போக, கார் வாசலில் போய் நின்றது. ஆலத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். கதவு திறபடவில்லை. மற்றக் கதவும் இல்லை. என் மனுசன் இழுத்தார், தோழன் உதைத்தான். கடைசியில் மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு மேலால் பாய்ந்தார்.

"மாப்பிள்ளை இப்பவே வேலி பாயப் பழகிறார்!" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, வாசல் முழுக்கச் சிரித்தது. கூறைச் சேலையோடு பொம்பிளையை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். வலது கால் எது, இடது கால் எது என்று யார் பார்த்தார்கள்? என் தங்கை அழுதாள். நான் அழவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் சொன்னாள்: "அம்மா, நான் உந்தக் காரிலை ஏறமாட்டன். சொல்லிப்போட்டன்."

அவளுக்கு ஆவணியில் கலியாணம். எங்கள் காரில்தான் பிள்ளையை அழைத்து வருவோம் என்று சம்பந்தி வீட்டுக்கு நானே சொல்லிவிட்டிருந்தேன். சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? காரைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

கார் திருத்துகிற கராச்காரர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார். "அக்கா, கூரை உள்ள கார் எண்டால் கூரையும் சேர்ந்து தாங்கும். இதுக்கு அடி மட்டும்தான். கதவுக்குக் கீழை நீளத்துக்கு ஓடுற சட்டம் ரெண்டும் உப்பிலை உக்கிப் போச்சு. பாரம் ஏறினால் கார் நடுவிலை வளையுது. வளைஞ்சால் கதவை நெரிக்கும்தானே."

உப்பு! சண்டைக்கு முன்னம் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் கீரிமலையில் கடல் தெறிக்கிற இடத்தில் காரை விட்டுவிட்டு, கேணியில் மணிக்கணக்காய் ஊறிக் கிடந்தவர் யார்? தள்ளி விடுங்கோ, தள்ளி விடுங்கோ என்று கத்தியவள் யார்? நான் என் மனுசனைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"ஒரு சுகமான வழி இருக்கு," என்றார் கராச்காரர். "ரெண்டு கதவையும் சாத்தி வெல்டிங் பண்ணிவிட்டால் கார் கல்லு மாதிரி நிக்கும்."

"அப்ப பொம்பிளை என்னெண்டு இறங்கிறது? ஏணி வைக்கிறதோ?"

"ஒரு சின்ன ஸ்டூல் வைக்கலாம்," என்றார் என் மனுசன். அந்த மனுசனை அன்று நான் என்ன சொல்லிப் பேசினேன் என்பதை எழுத முடியாது.

சட்டத்தை வெட்டிப் புதிதாய் வைப்பது என்று முடிவானது. சண்டையால் அரசாங்கம் இரும்பை யாழ்ப்பாணத்துக்குள் வரவிடாத காலம் அது. பெற்றோலும் இல்லை, கார் ஓடினதே மண்ணெண்ணெயில். "இரும்புக்கு நான் ஒழுங்கு செய்யிறன்," என்றார் என் மனுசன். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், அறையில் மெத்தை நிலத்தில் கிடக்கிறது. கட்டில் இல்லை. என் அம்மா எனக்குச் சீதனத்தோடு தந்த இரும்புக் கட்டில். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்கமாட்டேன். அது தெரிந்துதான் மனுசன் கேட்கவில்லை.

தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு கராச்சுக்கு நடந்தேன். என் மனுசனும் அங்கேதான் நின்றார். கட்டிலின் கால்கள் நான்கும் ஒரு பக்கம், சட்டங்கள் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கூத்து காரில் நடந்திருந்தது. முன்னும் பின்னும் ஜக் வைத்துத் தூக்கி, நடுவில் தாங்க ஒரு முண்டும் கொடுக்காமல், கதவையும் கழற்றிவிட்டு, உக்கின சட்டத்தை வெட்டியிருக்கிறார்கள். கார் நடுவால் தொய்ந்து, கதவு இருந்த இடைவெளி மேலே ஒடுங்கிப் போய் நிற்கிறது. கழற்றின கதவு இனி அதற்குள் போகாது.

"தொங்கிற கூரை வளையை வெட்டேக்கை முண்டு குடுக்கிறேல்லையோ? கொட்டில் மேயிறவனுக்கும் தெரியுமே! ரெண்டு ஆம்பிளையள் நிண்டு என்ன பாத்தனீங்கள்?"

"அக்கா, அவசரத்திலை..."

"என்ரை கட்டிலை அவசரத்திலை வெட்டினியள், காரையும் அவசரத்திலை முறிச்சியள். இனி ஆறுதலாய்ச் செய்யுங்கோ. நான் இதிலைதான் இருப்பன்."

ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருந்தேன். நடுவில் தென்னங்குற்றியும் ஜக்கும் வைத்து மெல்ல மெல்ல நிமிர்த்தினார்கள். கதவைத் திரும்ப வைத்துச் சாத்தி, இடைவெளி சரி என்று கண்டபிறகுதான் வெல்டிங். கட்டிலின் நீளச் சட்டங்கள் கதவுகளுக்குக் கீழே போயின. தலைமாடும் கால்மாடும் குறுக்கே, இருக்கைகளுக்கு அடியில் போயின. நெருப்புப் பொறி பறந்தபோது என் அம்மாவை நினைத்தேன். என் மனுசனோடு அன்றிலிருந்து கதைக்கவில்லை.

மகளின் கலியாணத்தன்று காருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து நின்றார். நல்ல கனத்த ஆள்.

"சம்பந்தி, உங்கடை காருக்கு நாரி எலும்பு முறிஞ்சது எண்டு கேள்விப்பட்டம். எண்ணெய் போட்டுக் கட்டினியளோ?"

"ஏறிப் பாருங்கோவன், அண்ணை."

"நானோ?"

"ஓம், நீங்கள்தான். உங்கடை தம்பியாரையும் கூப்பிடுங்கோ."

மகள் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். என் மனுசனுக்கு முகம் வெளிறிப் போனது. நான் விடவில்லை. மாப்பிள்ளை, பொம்பிளை, தோழன், அந்த இரண்டு ஆனைகள், எல்லோரையும் ஏற்றித்தான் அனுப்பினேன். நான் பின்னால் வந்த வானில் இருந்து காரின் நடுவையே பார்த்துக்கொண்டு வந்தேன். கும்பிடவில்லை. கும்பிடக்கூட கோபம் விடவில்லை.

சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றது. என் மனுசன் இறங்கிப் போய் மற்றக் கதவில் கை வைத்தார். ஒரு இழுவை. திறந்தது. என் மகள் சேலையைக் கூட்டிப் பிடித்து, வலது காலை நிலத்தில் வைத்து இறங்கினாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆனால் திறந்த கதவு திரும்பச் சாத்துப்படவில்லை. அவர் இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காதவர் போலக் கதவில் சாய்ந்து, இடுப்பால் அதை முட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆலத்தி முடிந்தது, எல்லோரும் உள்ளே போனார்கள். "அண்ணை, ஏன் வெயிலுக்கை நிக்கிறியள்?" என்று யாரோ கேட்க, "காத்து வாங்கிறன்," என்றார்.

பந்தி தொடங்கியபோது தங்கச்சி என்னிடம் வந்தாள். "அக்கா, அத்தான் இன்னும் அதிலை நிக்கிறார். ஆரையும் மாறி நிக்கச் சொல்லுவமே?"

"நிக்கட்டும்," என்றேன். "நீ இலையைப் போடு."