காணிக்கைக் குவியலில் ஒரு சிவப்புக் கிட்டார்

நாற்பத்தாறு வயதில் ஒருத்தி சிவப்பு நிற எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். கருங்கலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஆறரை மணியிலிருந்து ஊசி குத்துவது என் வேலை. கூட்டம் குறைந்த ஒரு நாள் போனில் அதைப் பார்த்தேன். இருப்பதிலேயே விலை குறைந்தது, இருப்பதிலேயே சிவப்பானது. கை துறுதுறுத்தது, அழுத்திவிட்டேன்.

நான்காம் நாள் பெட்டி வந்தது. என் கணவருக்கு வளைகுடாவில் குழாய் பதிக்கிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வருவார். கிட்டாரை மடியில் வைத்து ஒரு இழு இழுத்துக் காட்டினேன்.

"ஒண்ணும் கேக்கல்லியே," என்றார்.

"கரண்டுல வாசிக்கியதாக்கும். அதுக்கு தனியா ஸ்பீக்கர் பெட்டி வேணும்."

"பெட்டி எங்க?"

"வாங்கல்ல."

"அப்பம் இது ஊமையாக்கும். திருப்பி அனுப்பு."

திருப்பி அனுப்பவில்லை. ஹெட்போன் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். அதை மாட்டினால் என் காதுக்குள் ஒரு தேர்த் திருவிழாவே நடக்கும், வெளியே ஒரு கொசுவுக்கும் கேட்காது. ஆறு மாதம் அப்படித்தான் படித்தேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், நோயாளிகளுக்கு நரம்பு தேடும்போது தட்டுப்படாமல் தவித்தது தனிக் கதை. தினமும் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவருக்குத் தெரிவது என் கை ஆடுவது மட்டும்.

"சொறியிய மாதிரி இருக்கு," என்பார். கோபம் வரும். ஒருநாள் போனைப் பட்டென்று வைத்தும்விட்டேன். இந்த மனிதர் ஒரே ஒரு தடவை இதைச் சத்தத்தோடு கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. பாராட்டக்கூட வேண்டாம்.

எங்கள் சபையில், விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கிற அறுப்பின் பண்டிகை வந்தது. பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடுகிற நான், கிட்டார் வாசிக்கிறேன் என்று கையைத் தூக்கினேன். போதகர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சத்தம் அதிகமாக இருக்காதே என்று கேட்டார். இருக்காது ஐயா, இதுவரை சத்தமே வந்ததில்லை என்றேன். கணவரிடம் சொன்னேன். பண்டிகை ஞாயிற்றுக்கிழமை, அங்கே அது வேலை நாள். "டூட்டி உண்டு பாத்துக்க," என்றார். எனக்கு முகம் தொங்கிப்போனது.

பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் வைக்க இடமில்லாத அளவுக்குக் காணிக்கை. மட்டி வாழைக்குலை, செவ்வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தண்டோடு ஆளுயரச் சேனைக்கிழங்கு, காலைக் கட்டிப்போட்ட ஒரு சேவல். மைக் செட்காரர் என் கிட்டாரின் வயரைத் தன் பெட்டியில் செருகி, "அடிச்சுப் பாருங்க அக்கா," என்றார். அடித்தேன்.

தென்னை மரங்களில் கட்டியிருந்த அத்தனை குழாய் ஸ்பீக்கர்களும் ஒன்றாக அலறின. காக்கைகள் கிளம்பின. சேவல் பதிலுக்குக் கூவியது. ஒருவர் பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மாதம் காதுக்குள் அடைத்து வைத்திருந்தது ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பாட்டு வாசித்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் விரல் வழுக்கியது. யாரும் கவனிக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே வாசித்தேன் என்று பிறகு என் மகள் சொன்னாள். இருக்கும்.

கிட்டாரை நிறுத்தி வைக்கத் தாங்கி கிடையாது. சேனைக்கிழங்கின்மேல் சாய்த்துவிட்டு நற்கருணைக்குப் போனேன். அப்படியே மறந்துபோய், ஆராதனை முடிந்ததும் வெளியே டீ கொடுக்கப் போய்விட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகையன்று பீடத்தின் முன்னால் இருக்கிற எதுவும் ஆண்டவருக்குச் சொந்தம். ஆலய வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையும் ஆட்களும் அவ்வளவையும் அள்ளிக்கொண்டு வந்து பந்தலில் ஏலம் விடுவார்கள்.

டீத்தட்டோடு நான் பந்தலுக்குள் நுழையும்போது ஏலக்காரர் மைக்கில் சொல்கிறார்: "அடுத்ததா, சிவப்புக் கிட்டார் ஒண்ணு. நல்லா வாசிச்ச கிட்டாராக்கும், எல்லாரும் கேட்டிய."

அது என்னுடையது என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்து நாற்காலி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆசையா வாங்கினத காணிக்கையா வச்சிட்டியா மோளே? ஆருக்கு வரும் இந்த மனசு." பின்வரிசையில் நான்கு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். இவ்வளவு புகழ்ச்சிக்குப் பிறகு, மறந்துபோய் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? நான் அவ்வளவு நல்லவளும் இல்லை, அவ்வளவு தைரியசாலியும் இல்லை. தட்டை அந்த அம்மாவின் மடியில் வைத்துவிட்டு ஏலம் கேட்கத் தொடங்கினேன்.

"ஐநூறு."

"எழுநூறு," என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

நான் ஏற்றினேன், குரலும் ஏற்றியது. பாதி விலை வந்தது. வாங்கின விலையையும் தாண்டியது. எட்டிப் பார்த்தால், என் கணவரின் அண்ணன். ரப்பர் பால் வெட்டுகிற மனிதர், ஒரு காதில் போன், மறு காதில் விரல். அத்தானுக்குக் கிட்டார் எதற்கு? பயற்றங்கொடிக்குப் பந்தல் போடவா? எனக்கு ரத்தம் கொதித்தது. இவருடைய சர்க்கரை அளவை இவர் மனைவியிடம்கூடச் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருப்பவள் நான்.

என்னால் முடிந்தவரை போனேன். அதற்குமேல் என் மாதச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை.

"ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்."

கிட்டார் போய்விட்டது. சேவலைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

அத்தான் கிட்டாரைச் சேனைபோல் தோளில் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "பிடி மக்கா. அவனுக்க ஏலமாக்கும். ஆரு கேட்டாலும் விடப்பிடாதுன்னு ஒரே நிலையில நிக்கான், எதிர கேக்கியது நீன்னு சொல்லவும் விடல்ல. நான் என்ன செய்ய?" போனை நீட்டினார்.

திரையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு என் கணவர். ஏதோ குழாய்க் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, எதிர விடாம கேட்டாளே ஒருத்தி, ஆரு அது? இரைச்சலுல குரல் பிடிபடல்ல."

"நான்தான்."

"நீ எதுக்கு கேட்டே? காணிக்கையா வச்சிட்டுல்லா போனே?"

"மறந்து வச்சது."

அவர் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஆண்டவருக்கு இரட்டிப்பு லாபம் என்று அத்தான் கணக்குச் சொன்னார். சிரித்து ஓய்ந்தபோது கணவர் கேட்டார்: "ரெண்டாவது பாட்டுல, நடுவுல ஒரு இடத்துல, கை வழுக்கிச்சில்லியா?"

போனை முகத்துக்குக் கிட்டே இழுத்தேன்.

"கேட்டியளா?"

"முழுசும் கேட்டேன். அண்ணன் ஸ்பீக்கருக்க கீழ போனை பிடிச்சிட்டு நின்னாரு. இப்பம் அந்த இடத்த இனி ஒருக்கா வாசி."

மைக் செட்காரரிடம் வயரை வாங்கி நானே செருகினேன். ஏலக்காரர் செவ்வாழைக்குலையைத் தூக்கிப் பிடித்தபடி காத்து நின்றார். வாசித்தேன். மறுபடியும் அதே இடத்தில் விரல் வழுக்கியது, இந்த முறை தென்னை மரங்கள் வழியாகக் கேட்ட ஊரே அதைக் கவனித்தது.

"ஆ, அங்கதான்," என்றார் அவர்.