அண்ணன் பைக்கில் பெரிதாகிப் போன பொட்டு

இன்று காலை பார்த்தால், அண்ணன் பைக்கில் இருந்த குங்குமப் பொட்டு பெரிதாகியிருந்தது!

நிஜமாகத்தான். முன்பு சுண்டுவிரல் நுனி அளவுதான் இருந்தது. இன்று ஒரு ரூபாய் நாணயம் அளவு.

அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான். போன லீவு முடிந்து கிளம்பிய அன்று, அம்மாவை இந்த வண்டியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்குக் கூட்டிப் போனான். அங்கே கொடுத்த குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் குரோம் வளையத்தின் உச்சியில் ஒரு பொட்டு வைத்தான். அப்புறம் செட்டியார்பட்டியில் பஸ் ஏறிப் போய்விட்டான்.

அவன் கையால் வைத்தது, அவன் வரும்வரை அழியக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மழையில் கரையாமல் இருக்க ஹெட்லைட்டுக்கு ஒரு பாலிதீன் கவரை மாட்டிக் கயிறும் கட்டினாள்.

(குல்லா போட்ட மாதிரி இருக்கும். வண்டிக்குச் சளியா என்று தெருவில் கேட்பார்கள்.)

வண்டியைக் கழுவுவது என் பொறுப்பு. எல்லாவற்றையும் கழுவலாம், கவரை மட்டும் தொடக் கூடாது.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறேன். இன்று லீவு. ராஜபாளையத்தில் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிய, வண்டியைப் பளபளப்பாக்கும் வேக்ஸ் டப்பாவைத் திறக்கலாம் என்று இருந்தேன்.

(பெண்பிள்ளை பைக் வேக்ஸ் கேட்பதா என்று வெட்கமாக இருந்ததால் செல்லில் படத்தைக் காட்டித்தான் வாங்கினேன். சிரிக்காமல் எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி பாய்.)

வேக்ஸ் போடும்போது வண்டியில் ஈரம் இருக்கக் கூடாது. அதனால்தான் கவரை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். நடுவில் அந்தப் பெரிய பொட்டு.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியாட்டி, மங்கவே இல்ல. வளந்திருக்கு. எம்பிள்ளைக்கு ஒண்ணும் வராது."

அண்ணன் போன் செய்து நாளாகிறது. இப்போது இருக்கும் இடத்தில் டவர் கிடைக்காது என்று முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் அம்மா சமைக்கும்போதுகூட செல்லை இடுப்பில் செருகியே வைத்திருக்கிறாள்.

அதனால் எனக்குத் தோன்றியதைச் சொல்ல வாய் வரவில்லை. கழுவப் போனேன்.

வண்டியை நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கினேன். மண்ணோடு தேய்த்தால் பெயிண்டில் கோடு விழும். பிறகு ஷாம்பு. துடைக்க எங்கள் கம்பெனியின் கழிவுத் துணி.

(காயத்துக்குக் கட்டுகிற துணி. டேங்குக்கு வலிக்கவே வலிக்காது.)

வேக்ஸை மெலிதாகத் தடவி, அது வெளுத்துக் காய்ந்ததும் துடைத்தேன். கறுப்பு டேங்கில் எங்கள் வேப்பமரம் தெரிந்தது.

ஹெட்லைட் மட்டும்தான் பாக்கி. அதை இப்படியே விட்டால் குரோம் உரிய ஆரம்பித்துவிடும். அண்ணன் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

"ஏம்மா, அந்தப் பொட்டை ஒருக்கத் தொட்டுப் பாரேன்."

அம்மா தொட்டாள். விரலைப் பார்த்தாள். மறுபடி தேய்த்துப் பார்த்தாள்.

"கையில ஒட்டலயே. சொரசொரன்னு இருக்கு."

"துரும்மா."

"அப்ப அவன் வச்சது?"

எப்போது போனது என்று தெரியவில்லை என்றேன். கவருக்குள் ஈரம் தங்கி, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தான்தான் கட்டி வைத்துக் கெடுத்துவிட்டதாகச் சொன்னாள். செல்லை எடுத்துப் பார்த்தாள். மறுபடி இடுப்பில் செருகினாள்.

துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"தொடச்சிரு. துருவ வச்சுக்கிட்டு என்ன செய்ய."

அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். துரு பழுப்பாக ஒழுகியது. ஊசி முனை அளவில் சில குழிகள் மட்டும் நின்றுவிட்டன. (இதற்கு வழி தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள்.) நன்றாகக் காயவிட்டு அதற்கும் வேக்ஸ் போட்டேன்.

அம்மா உள்ளே போய், மிச்சமிருந்த அதே கோவில் குங்குமத்தைக் குழைத்துக் கொண்டு வந்தாள். வளையத்தில் வைத்தாள். வழுக்கிக் கீழே இறங்கியது. துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்தாள். அதுவும் இறங்கியது. வேக்ஸ் போட்ட இடத்தில் தண்ணீர் நிற்காது, குங்குமமும் நிற்கவில்லை.

அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

"அண்ணன் கை வைக்குற எடத்துல வைப்போம்மா. ரப்பரு துருப்பிடிக்காது."

"நிக்குமாட்டி?"

"நிக்கும்."

வலது கைப்பிடியின் ரப்பரில், சுண்டுவிரலால் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு அந்தப் பாலிதீன் கவரைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.